திறப்பைத் தரும்போது வீதியையும் சொல்லித் தாருங்கள்

இலங்கையில் சாரதியின்றி வாகனங்களை வாடகைக்கு வழங்கும் நிறுவனங்களை நடத்துவோருக்கும், அவற்றின் கருமபீடங்களில் நின்று திறப்புக் கொடுக்கும் பணியாளர்களுக்கும்,

வணக்கம்.

வடமராட்சியில் பிறந்து, கடந்த 22 ஆண்டுகளாக நோர்வேயில் வாழ்ந்து வருபவன் நான். 2025ஆம் ஆண்டு யூலை நடுப்பகுதியில் மனைவியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் ஊர் வந்தபோது, உறவினரின் வாகனத்தையோ வான் சாரதி ஒருவரையோ எதிர்பார்த்திருக்காமல், நாமே ஓட்டி நாட்டைச் சுற்றிப் பார்ப்பதென்று முடிவு செய்து, கட்டுநாயக்கவுக்கு அருகில் சிறிய ஹைபிரிட் கார் ஒன்றை மூன்று வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்தோம். புத்தளம், அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் போனோம். அங்கிருந்து சிகிரியா, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று இறங்கி, மொனராகலை, வெல்லவாய வழியாக மலையேறி எல்லவும் அப்புத்தளையும் பார்த்துவிட்டு, இரத்தினபுரிப் பாதையால் கொழும்பு திரும்பினோம்.

அந்த மூன்று வாரங்களும் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. வானில் ஏறியிருந்தால் சாரதி நிறுத்துகிற இடத்தில்தான் இறங்கியிருப்போம். கார் எங்கள் கையில் இருந்தபடியால், 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தைக் கடந்ததும் ஓரமாக நிறுத்தி, ஒரு காலத்தில் இந்தத் துறைகளையெல்லாம், அப்பகுதி மக்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில் வாகனத்தை ஏற்றித்தான் கடந்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் காரை விட்டுவிட்டு நயினாதீவுக்குப் படகேறினோம். வாடகைக் கார் என்ற ஒன்று இல்லையென்றால் இவை எதுவும் இப்படி அமைந்திரா. ஆகவே இந்த மடல் உங்கள் தொழிலுக்கு எதிரானதன்று. அது வளர வேண்டும் என்று விரும்புகிறவன் எழுதுவது.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விடயம்தான். காரைக் கையளிக்கும் வேளையில் காரைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். அந்தக் கார் ஓடப்போகும் வீதிகளைப் பற்றி எதுவும் பேசுவதில்லை.

எங்களிடம் காரைத் தந்த இளைஞர் மிகவும் பண்பானவர். கைத்தொலைபேசியில் காரை நான்கு பக்கமும் படம் பிடித்தார். முன்பக்கப் பம்பரில் இருந்த இரண்டு கீறல்களைத் தாளில் குறித்து என்னிடம் கையொப்பம் வாங்கினார். எரிபொருள் முள் எங்கே நிற்கிறது என்று காட்டி, அதே அளவில் திருப்பித் தர வேண்டும் என்றார். உதவிச் சில்லு, ஜக் எல்லாவற்றையும் திறந்து காட்டினார். பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. நோர்வேயில் வலப்பக்கமாக ஓட்டியே பழகிய ஒருவன், இரவு முழுவதும் விமானத்தில் விழித்திருந்துவிட்டு, இடப்பக்க வீதியில் முச்சக்கர வண்டிகளுக்கும் தனியார் பேருந்துகளுக்கும் நடுவே நேரே புகப் போகிறான் என்பது அவர் மனதில் படவேயில்லை. அவர் மேல் எனக்குக் குறையில்லை. அப்படிக் கேட்கவும் சொல்லவும் அவருக்கு யாரும் கற்றுக் கொடுத்திருக்கவில்லை.

முதல் நாளே ஒன்று பட்டுத் தெரிந்துகொண்டேன். எதிரே வரும் வாகனம் முன்விளக்கை ஒருமுறை வெட்டிக் காட்டினால், நான் வாழும் நாட்டில் ‘நீங்கள் போங்கள்’ என்றும் பொருள் கொள்வோம். இலங்கையில் அதற்குப் பெரும்பாலும் நேரெதிரான பொருள்: ‘நான் வருகிறேன், நீ நில்.’ சிலாபத்துக்கு இப்பால் ஒடுங்கிய பாலம் ஒன்றில் எதிர்ப்பக்க லொறி விளக்கை வெட்டியதும் எனக்கு வழி விடுகிறது என்று நினைத்து ஏறிவிட்டேன். லொறிச் சாரதி பிரேக்கை அழுத்தி நிறுத்தியதால் பிழைத்தோம். ஒரு வசனத்தில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தி இது. அந்த ஒரு வசனத்தைத் திறப்போடு சேர்த்து யாரும் எனக்குச் சொல்லவில்லை.

யானைகளைப் பற்றியும் இப்படித்தான். சிகிரியாவைப் பார்த்துவிட்டு, ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியில் மாலை 6 மணிக்குப் பின்னர் ஏறினோம். இரவு நீளுவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கைத்தொலைபேசி வரைபடம் காட்டிய நேரத்தை நம்பினேன். காட்டோரமாக ஒரு வளைவு தாண்டியதும் ஏறக்குறைய 40 மீற்றர் தூரத்தில் தனியன் யானை ஒன்று வீதியின் நடுவில் நின்றது. பின்னால் வந்த ஒரு வான், அது கிடக்கட்டும் என்பதுபோல என்னை முந்தப் பார்த்தது. என் மகன் படம் எடுக்கக் கண்ணாடியை இறக்கினான். நான் செய்வதறியாமல் ஹோர்ண் அடிக்கக் கையை வைத்துவிட்டேன். அந்த நேரம் மோட்டார் சைக்கிளில் வந்த ஊர்க்காரர் ஒருவர் எங்கள் அருகே நிறுத்தி, கையால் ‘அடிக்காதே’ என்று சைகை காட்டி, விளக்கைத் தணிக்கச் சொல்லி, மெல்ல மெல்லப் பின்னுக்கு எடுக்க வைத்தார். இயந்திரத்தை நிறுத்த விடவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தோம். யானை தன் பாட்டில் இறங்கிப் போனது. அதன்பிறகுதான், பொழுது பட்ட பின் அந்தப் பாதையில் அவசியம் இல்லாமல் போகாதீர்கள் என்று அரைத் தமிழிலும் அரைச் சிங்களத்திலும் சொல்லிவிட்டுப் போனார்.

மொனராகலை மாவட்டத்தில் உள்ள புத்தளவிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதையில் காட்டு யானைகள் வாகனங்களை மறித்து உணவு கேட்டு நிற்பதை நாட்டில் உள்ள எல்லோரும் அறிவார்கள். பழம் எறிந்து பழக்கியவர்கள் நாமே. யாத்திரிகர்களும் சுற்றுலாப் பயணிகளும்தான். வாடகைக் காரில் வரும் வெளிநாட்டவர் ஒருவர் அதை வேடிக்கை என்று எண்ணி வாழைப்பழத்தை நீட்டுவாராயின், அடுத்து வருகிற காரின் கதவு நெளிவதற்கும், ஒருநாள் அந்த யானையே சுடப்படுவதற்கும் அவர் அறியாமலேயே காரணமாகிறார். உங்கள் காரில் போகிறவருக்கு அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லாமல் வேறு யார்?

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது மலை இறக்கம். அப்புத்தளையிலிருந்து பெரகலைச் சந்திக்கு வந்து, ஹல்துமுல்லை வழியாகப் பெலிஹுல்ஓயாவை நோக்கி ஏ4 வீதியில் இறங்கினோம். வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஏறும்போது கார் திணறியதைப் பார்த்துப் பயந்த நான், இறங்குவது எளிது என்றே நினைத்திருந்தேன். கியர் நெம்பை ‘டி’யில் (D) விட்டுவிட்டுக் காலைப் பிரேக்கில் வைத்தபடியே வந்தேன். அரை மணி நேரத்தில் எரிந்த ரப்பரும் இரும்பும் கலந்ததுபோல ஒரு மணம் வந்தது. மனைவி யாரோ தோட்டத்தில் குப்பை கொளுத்துகிறார்கள் என்றார். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது, மிதி வழமையைவிட ஆழமாக, பஞ்சில் கால் வைத்ததுபோலக் கீழே போனது. ஒரு தேநீர்க் கடையின் முன் எப்படியோ நிறுத்தினேன். முன் சில்லுகள் இரண்டிலிருந்தும் மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது.

மகன் போத்தல் தண்ணீரை ஊற்றப் போனான். கடை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மரக்கறி லொறிச் சாரதி ஒருவர், “தண்ணி ஊத்தாதீங்க தம்பி, தட்டு வெடிச்சிரும்” என்று ஓடி வந்து தடுத்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்த இறக்கத்தில் கிழமைக்கு நான்கு முறை போய் வருகிறவர். என் காருக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, நெம்புக்குக் கீழே இருந்த ‘பி’ (B) என்ற ஆங்கில எழுத்தைக் காட்டி, “இது எதுக்குன்னு சொல்லிக் குடுக்கலையா ஐயா?” என்று கேட்டார். மூன்று வாரங்கள் ஓட்டியும் அது எதற்கென்று எனக்குத் தெரியாது. தரித்து நிற்பதற்கான ஏதோ ஒன்று என்று எண்ணியிருந்தேன். இறக்கத்தில் இயந்திரத்தையே தடையாக்கிக் காரின் வேகத்தைப் பிடித்து வைப்பதற்கென்று அமைந்த நிலை அது. வேறு சில கார்களில் அதே வேலையை ‘எல்’ (L) செய்யும். ஹைபிரிட் கார் இறக்கத்தில் சக்தியை மின்கலத்துக்கு அனுப்பித் தானாகவே ஓரளவு தடை தரும். ஆனால் நீண்ட இறக்கத்தில் மின்கலம் நிரம்பிவிட்டால் அந்தத் தடை அற்றுப்போய், பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து மிதித்தால் தட்டுகள் சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்து, அதில் குமிழிகள் உண்டாகி, மிதி வெறுமையாகிவிடும். இவ்வளவையும் அவர் தன் மொழியில், இரண்டு கைகளாலும் காட்டி, பத்து நிமிடத்தில் எனக்கு விளங்க வைத்தார். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, ‘பி’யில் போட்டு, 25 கிலோமீற்றர் வேகத்தில், பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டு இறங்கினோம். அந்தத் தேநீருக்கான காசைக்கூட அவர் என்னைக் கொடுக்க விடவில்லை.

2025 மே 11ஆம் திகதி கொத்மலைப் பகுதியில் பேருந்து பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்ற பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இரண்டாவது செய்தியை நோர்வேயில் இருந்து வாசித்தபோது, சில கிழமைகளுக்கு முன் பிள்ளைகளோடு ஏறிய வீதி அது என்பதால் இரவு முழுவதும் உறங்க முடியவில்லை. பேருந்து ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் போகும் வீதிகளிலேயே இவை நடக்கின்றன. தட்டையான நாடுகளிலிருந்து வந்து முதன்முறையாக மலை வீதியைக் காண்பவர் கையில், அந்த ஒற்றை எழுத்தின் பொருளைச் சொல்லாமல் காரைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத்தில் மண்சரிவால் வீதிகளும் பாலங்களும் சிதைந்தன. மழைக்காலத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் பிரதேசமாக மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. எந்த நிறத்துக்கு எச்சரிக்கை, எந்த நிறத்துக்கு வெளியேற்றம் என்ற ஒழுங்கும் உண்டு. ஆனால் உங்களிடம் கார் எடுத்துப் போகும் பயணிக்கு அப்படி ஒரு எச்சரிக்கை இருக்கிறது என்பதே தெரிவதில்லை. அவர் நம்புவது கைத்தொலைபேசி வரைபடத்தை மட்டுமே. அந்த வரைபடமோ தூரம் குறைவு என்பதற்காகத் தேயிலைத் தோட்டத்துக்குள் லயன்களை ஒட்டிப் போகும் கொங்கிறீற்றுத் தடத்தில் இறக்கிவிடும். அன்று காலை எந்தப் பிரதேசத்துக்கு எச்சரிக்கை இருக்கிறது என்று பார்த்து, வாடிக்கையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப உங்களுக்கு அதிக செலவாகாது. காரில் பொருத்திய கருவியால் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கும் வசதி உங்களில் பலரிடம் இருக்கிறது. வேகத்தையும் வாடகை நாளையும் கவனிக்கப் பயன்படும் அதே வசதி, மனிதரைக் காக்கவும் பயன்படட்டும்.

வடக்கைப் பற்றியும் சில சொற்கள். வன்னியிலும் மன்னார் வீதியிலும் இரவில் தாரின் சூட்டுக்காக மாடுகள் நடு வீதியில் படுத்திருக்கும். விளக்கில்லாத சைக்கிளில் தோட்டத்திலிருந்து வீடு திரும்பும் முதியவர் கறுப்புச் சாரத்தோடு வருவார். அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். அதன்மேல் காரை ஏற்றுவது ஒரு குடும்பத்தின் சோற்றில் ஏற்றுவதாகும் என்பதை வெளிநாட்டவர் அறியார். காவலாளி இல்லாத புகையிரதக் கடவைகளில் மணியோசையை மட்டும் நம்பாமல், நிறுத்தி இருபக்கமும் பார்த்துவிட்டே கடக்க வேண்டும். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் பணி நடந்த இடங்களில், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் படம் எடுப்பதற்காகக்கூட வீதியை விட்டு இறங்கக் கூடாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும். வைகாசியிலிருந்து ஆடி வரை, தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் கிழக்கு வீதிகளில் வெறுங்காலோடு விடியற்காலை நடந்துகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைக்காவிட்டால் யாருடைய உயிருக்கு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

காப்புறுதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்களில் முறைப்படி தொழில் நடத்துவோர் வாடகைப் பாவனைக்கென்றே காப்புறுதி எடுக்கிறீர்கள். ஆனால் சொந்தப் பாவனைக்குப் பதிவான காரை, அறிமுகமானவர் மூலமாக வெளிநாட்டிலிருந்து வருவோருக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட கார் விபத்தில் சிக்கினால் இழப்பீடு மறுக்கப்படலாம் என்பது எடுத்தவருக்குத் தெரிவதில்லை. இந்தப் பயணத்துக்கு முன் நான் விசாரித்த ஓரிடத்தில், பிணையாகக் கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள். கடவுச்சீட்டை அடகு வைத்துவிட்டு ஒரு குடும்பம் ஊர் சுற்ற முடியாது. அதைக் கேட்கும் வழக்கத்தை உங்கள் தொழிலில் உள்ளவர்களே ஒன்றுகூடி ஒழிக்க வேண்டும்.

ஒப்பந்தப் பத்திரத்தின் மொழியும் என்னை வருத்தியது. ஆறு பக்கம், சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது; அது தனியார் நிறுவனத்தின் தாளைக் கட்டுப்படுத்துகிறது என்று நான் வாதிட வரவில்லை. இந்தியாவிலிருந்தே இலங்கைக்கு அதிகமான சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், அவர்களில் தமிழ்நாட்டவர் கணிசமானோர். புலம்பெயர்ந்த நாங்களும் ஆண்டுதோறும் வருகிறோம். உள்ளூர்த் தமிழரும் உங்களிடம் கார் எடுக்கிறார்கள். என்ன நடந்தால் எவ்வளவு செலுத்த வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பதைத் தன் மொழியில் வாசிக்க விரும்புவது மிகையான ஆசையன்று. சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாள் இருந்தால் போதும்.

2025 ஆகஸ்ட் முதல், வெளிநாட்டவருக்குத் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வழங்கப்படுகிறது. முன்னர் இதற்காகக் கொழும்புக்கோ, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களக் கிளை உள்ள வேரஹெரவுக்கோ அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் நீங்கியது நல்லது. ஆனால் அனுமதி விரைவாகக் கிடைக்கக் கிடைக்க, வீதியை அறியாத கைகள் விரைவாக வீதிக்கு வருகின்றன. விமானத்திலிருந்து இறங்கிய ஒரு மணி நேரத்தில் ஒருவர் உங்கள் முன் நிற்கிறார். அனுமதிப்பத்திரம் தருபவர் அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியும் என்பதை மட்டுமே பார்க்கிறார். இந்த நாட்டில் எப்படி ஓட்டுவது என்று சொல்லக்கூடிய கடைசி மனிதர் நீங்கள்தான். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் இதை ஒரு நிபந்தனையாக்கினால் நன்று. ஆனால் அந்தச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று கேட்கிறேன்.

நான் கேட்பது அரை மணி நேரம். கையளிக்கும்போது வாடிக்கையாளர் எந்தப் பாதையால் போகிறார் என்று கேளுங்கள். மலைக்குப் போகிறவர் என்றால், பக்கத்தில் உள்ள சரிவு ஒன்றில் கியரை இறக்கி ஓட்டிக் காட்டுங்கள். யானைப் பாதையால் போகிறவர் என்றால் பகலிலேயே கடந்துவிடச் சொல்லுங்கள். வலப்பக்கம் ஓட்டிப் பழகியவரோடு, சந்தியில் திரும்பும் பழக்கம் பிடிபடும்வரை, முதல் 5 கிலோமீற்றர் உங்கள் பணியாளர் ஒருவர் கூடப் போகட்டும். இரவு விமானத்தில் வந்தவருக்கு அன்றே திறப்பைக் கொடுக்காமல், ஒரு நாள் உறங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் வாடகையை விட்டுக்கொடுக்கிற நிறுவனத்தை நான் என் உறவினர் எல்லோருக்கும் சொல்வேன்.

காரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முதல் நாள் இரவு, இரத்தினபுரியில் தங்கிய விடுதியில் உட்கார்ந்து, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை ஒரு தாளின் இரண்டு பக்கங்களில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். முன்விளக்கின் பொருள், யானை, ‘பி’, மாடு, கடவை எல்லாம் அதில் இருந்தன. அடியில் பொலிஸுக்கு 119, இலவச நோயாளர் காவு வண்டிக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவிக்கு 1912 என்று குறித்தேன். மறுநாள் அந்த இளைஞர் கீறல்களை எண்ணி முடித்ததும் தாளை அவரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் வாசித்தார். பிறகு காருக்குள் ஏறி, நெம்பைப் பிடித்து ‘பி’யில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். தாளை மடித்து, வருமான அனுமதிப்பத்திரத்தின் பிரதி இருந்த உறைக்குள் வைத்தார்.

அந்தத் தாளின் வாசகத்தை உங்களில் எவர் கேட்டாலும் அனுப்பி வைக்கிறேன். சிங்களத்தில் எழுதுவதற்கு எனக்கு ஆற்றல் இல்லை. அதை உங்களில் ஒருவர் செய்ய வேண்டும். உங்கள் ஊர் வீதிகளை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை நீக்கிக்கொள்ளுங்கள். என் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை.

அன்புடனும் மதிப்புடனும்,
உங்கள் காரில் ஊர் பார்த்த ஒரு வடமராட்சிக்காரன்